ஊக்கு: ஒற்றைக் கம்பியில் ஓர் இயந்திரம்

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தாலிக்கொடியிலோ வளையலிலோ இரண்டு ஊக்குகளை மாட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. புடவை மடிப்பு நிற்க, அறுந்த செருப்பு வார் வீடுவரை தாங்க, பாவாடைக்கு நாடா கோக்க என எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கிறது. உண்மையில் அது ஓர் இயந்திரம்.

ஒரு கம்பியை வெடுக்கென்று மடக்கினால் மடங்கியபடியே நின்றுவிடும். வளைவு முழுவதும் ஓரிடத்திலேயே விழுவதுதான் காரணம். அதே கம்பியை ஒரு சுற்று சுற்றிவிட்டு மடக்கினால், வளைவு அந்தச் சுற்று முழுக்கப் பரவிவிடும். எந்த இடமும் தாங்க முடியாத அளவுக்கு வளையாது. அழுத்தினால் பணியும், விட்டால் நிமிரும். ஊக்கின் அடியிலுள்ள வளையம் இப்படி வேலை செய்யும் சுருள்வில்தான்.

மறுமுனையில் இருக்கும் தொப்பி, கூர்முனையை மறைத்து விரலைக் காக்கிறது. சுருள்வில் ஊசியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தத் தள்ளலே முனையைத் தொப்பியின் விளிம்போடு அழுத்திப் பிடிக்கிறது. திறக்கப் பார்க்கும் விசையே பூட்டாகவும் நிற்கிறது! கழற்றுவதற்கு ஊசியை முதலில் உள்ளே அமுக்கி, பிறகு பக்கவாட்டில் விலக்க வேண்டும். நடக்கும்போதும் குனியும்போதும் துணி அப்படி இழுப்பது அரிது.

கம்பியைச் சுற்றிச் செய்த ஆடை ஊசிகள் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் இருந்தன. இன்றைய ஊக்குக்கு வழிவகுத்தவர் நியூயார்க்கில் வாழ்ந்த வால்டர் ஹன்ட். 1849 ஏப்ரல் 10 அன்று 6281 என்ற எண்ணில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 15 டாலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு அவர் விற்றுவிட்டதாகச் சொல்வார்கள். உடைவதற்கு மூட்டு இல்லை, தேய்வதற்கு அச்சாணி இல்லை என்பதையே தன் ஊக்கின் சிறப்பாக அவர் காப்புரிமை ஆவணத்தில் முன்வைத்தார்.

அதற்குப் பிறகு பல அளவுகள் வந்தன, துருவைத் தடுக்கப் பூச்சுகள் வந்தன. அடிப்படை அமைப்பு மட்டும் மாறவில்லை. அதில் வேலையில்லாத பகுதி ஒன்றுகூட இல்லை. செய்ய வேண்டிய வேலை எதுவும் விட்டுப்போகவும் இல்லை. எளிமை என்பது இதுதான். அடுத்த முறை ஊக்கு மாட்டும்போது ஒரு நொடி நிதானித்து, விரலடியில் அந்த வில் பணிவதை உணர்ந்து பாருங்கள்.