கோடையில் கோழிச் சாவைத் தடுக்க அளந்து பாருங்கள்

சித்திரை வெயிலில் பல்லடம், நாமக்கல் பகுதிப் பண்ணைகளில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாவதை விதி என்று விட்டுவிடக் கூடாது. வெப்பத்தை உரிய இடத்தில் அளந்தால் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

ஆபத்து எங்கே?

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்க்காது. கொண்டை, தாடி, கால் போன்ற இறகில்லாத பகுதிகள் வழியாகச் சூட்டைக் காற்றுக்கும் தரைக்கும் விடுகிறது. காற்று 30 டிகிரியைத் தாண்டினால் இது போதாது. வாயைப் பிளந்து இரைத்து, மூச்சின் ஈரத்தோடு சூட்டை வெளியேற்றும். புழுக்கம் கூடினால் அந்த வழியும் அடைபடும். தொடர்ந்து இரைக்கும் முட்டைக்கோழியின் முட்டை ஓடும் மெலியும்.

எப்படி அளப்பது?

வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டும் மீட்டரைக் கோழியின் தலை உயரத்தில், கொட்டகையின் நடுவிலும் ஓரத்திலும் தொங்கவிடுங்கள். கூரையின் அடிப்புறத்தையும் கூளத்தையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கூரை கொதித்தால் அந்த அனல் நேரே கோழிமேல் இறங்கும். அளவுகளைத் தினமும் நேரத்துடன் எழுதுங்கள்.

என்ன செய்யலாம்?

வறண்ட வெயிலில் மின்விசிறியுடன், நீரை நுண்துளியாகத் தெளிக்கும் ஃபாகர் போடலாம். ஈரப்பதம் மிகுந்தால் ஃபாகரை நிறுத்தி, காற்றோட்டத்தை மட்டும் கூட்டுங்கள். கூரைக்கு வெள்ளையடித்து நீர் தெளியுங்கள். செரிமானமும் சூடு உண்டாக்கும் என்பதால், உச்சி வெயில் நேரத்தில் தீவனத்தை நிறுத்தி, அதிகாலையிலும் மாலையிலும் கொடுங்கள். குடிநீர்க் குழாயில் வெயில் படக் கூடாது. கோடைத் தொகுதிக்குக் குஞ்சு எண்ணிக்கையைக் குறையுங்கள்.

உங்கள் உரிமை

குஞ்சும் தீவனமும் நிறுவனம் தரும் ஒப்பந்தப் பண்ணைகளில், இறப்பின் நட்டம் பெரும்பாலும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது. தமிழ்நாடு 2019-இல் இயற்றிய ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் கால்நடை வளர்ப்பையும் உள்ளடக்கியது. கையெழுத்திட்ட ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். சதுர அடிக்கு எத்தனை குஞ்சு, வெப்பச் சாவின் நட்டம் யாருக்கு என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். காப்பீடு எடுக்குமுன் வெப்பச் சாவுக்கு இழப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

கோழிகள் சோர்ந்து விழத் தொடங்கினால் கால்நடை மருத்துவரையோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணையோ அழையுங்கள். இறந்தவற்றைப் புதைக்குமுன் படம் எடுத்து, நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவித்து, பிரேதப் பரிசோதனைச் சான்று பெறுங்கள். அன்றாடம் எழுதிய வெப்பக் குறிப்பேடு, பராமரிப்பில் நீங்கள் குறை வைக்கவில்லை என்று காட்ட உதவும்.