ஆராதனை தவறாத வீட்டில் எழுப்புதல்

எழுப்புதல் யாருக்குத் தேவை என்று கேட்டால், ஆலயப் பக்கமே வராதவர்களையும் குடியில் விழுந்துவிட்டவர்களையும்தான் பெரும்பாலும் கைகாட்டுகிறோம். கன்வென்ஷன் போஸ்டர்கள் அவர்களை மனதில் வைத்தே ஒட்டப்படுகின்றன. ஆனால் உலகத் திருச்சபையைப் புரட்டிப் போட்ட மெதடிஸ்டு எழுப்புதலின் தொடக்கத்தைத் தேடிப் போனால், ஜெபம் ஒருநாளும் தவறாத ஒரு குருவானவர் வீட்டில் போய் நிற்கிறோம். அந்த வீட்டுக்கும் நம் தரங்கம்பாடிக்கும் தொடர்பு உண்டு.

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரைச் சேர்ந்த எப்வொர்த் என்ற சிற்றூர். 1711-12 குளிர்காலம். குருவானவர் சாமுவேல் வெஸ்லி குருமார் மன்றக் கூட்டத்துக்காக லண்டனில் தங்கிவிட்டார். வீட்டில் மனைவி சூசன்னாவும் பிள்ளைகளும். சூசன்னா பெற்ற 19 பிள்ளைகளில் பிழைத்தவர்கள் 10 பேர். மூன்று வருடங்களுக்கு முன்புதான் வீடு தீப்பிடித்து எரிந்து, ஐந்து வயது மகன் ஜானை மாடி ஜன்னல் வழியாகக் கடைசி நேரத்தில் இறக்கியிருந்தார்கள். கடன் தொல்லை வேறு. இத்தனைக்கும் நடுவே அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் பேசத் தொடங்கியதுமே பரமண்டல ஜெபம் சொல்லப் பழகினார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எந்த ஆயரும் சொல்லிக்காட்டக்கூடிய வீடு.

அந்த வீட்டில் ஒருநாள் மகள் எமிலி, அப்பாவின் படிப்பறையில் கிடைத்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வந்தாள். டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனெரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், அங்கே பட்ட பாடுகளையும் சொல்லும் கடிதங்களின் ஆங்கிலப் பதிப்பு அது. தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் சீகன்பால்கு. படிக்கக் கேட்ட சூசன்னாவுக்குப் பல நாள் வேறு நினைப்பே ஓடவில்லை என்று கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நான் ஆணும் இல்லை, குருவும் இல்லை. ஆனாலும் என் இருதயம் உண்மையாகத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருந்தால், இப்போது செய்வதைவிட இன்னும் கொஞ்சம் செய்ய முடியுமே என்பது அந்தத் தாயின் தவிப்பு.

இந்த இடத்தைச் சட்டென்று கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. சூசன்னாவை யாரும் கண்டிக்கவில்லை. பெரிய பாவத்தில் அவர் விழவுமில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் யாரோ இருவர் ஆத்துமாக்களுக்காக உருகுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, தன் பக்தியில் ஒழுங்கு இருக்கிறது, அனல் போதவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

உடனே கூட்டம் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை. முதலில் தன் பிள்ளைகளிடம் போனார். ஒவ்வொரு நாள் இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, அதன் மனதில் என்ன இருக்கிறது என்று பேசினார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. ஜான் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தபோதுகூட அந்த வியாழக்கிழமை மாலைகளை நினைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஞாயிறு மாலை வீட்டு ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கி, 200 பேருக்கு மேல் கூடினார்கள்; பலர் நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள். உதவி குரு லண்டனுக்குப் புகார் எழுதினார். கூட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கணவர் எழுதியபோது சூசன்னாவின் பதில் உறுதியாக இருந்தது. வெறும் விருப்பமாகச் சொல்லாதீர்கள், கட்டளையாகவே இடுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஆத்துமாக்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியிராதபடி அது இருக்கட்டும் என்றார்.

அப்படிப்பட்ட தாயின் மகனுக்கே அதே தேவை வந்தது. ஜான் வெஸ்லி 1728-இல் குருப்பட்டம் பெற்றவர். புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலை ஊழியம் என்று நண்பர்களோடு கண்டிப்பாக வாழ்ந்தவர். மிஷனெரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1736 ஜனவரி 25-ஆம் தேதி புயலில் அலை வந்து மோதி, பாய் கிழிந்து, தண்ணீர் உள்ளே கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று அவர்களில் ஒருவரிடம் வெஸ்லி பிறகு கேட்டார். எங்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூடச் சாகப் பயமில்லை என்றார் அவர். வெஸ்லிக்கோ பயம் இருந்தது. 32 வயதுக் குருவானவர் அதைத் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதி வைத்தார்.

1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் உள்ளம் அனல்கொண்டதை எல்லாரும் சொல்வார்கள். அந்த மாலையைக் கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்திய இரண்டு வருடம் நான்கு மாதங்களைத்தான் நம் பிரசங்கங்கள் தாண்டிப் போகின்றன. ஜார்ஜியா ஊழியம் தோற்றது. மற்றவர்களை மனந்திருப்பப் போனேன், என்னை மனந்திருப்புவது யார் என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். தன்னைவிட ஒன்பது வயது இளையவரான மொரேவிய ஊழியர் பீட்டர் போலரிடம் தன் விசுவாசக் குறையைச் சொல்லி, பிரசங்கம் செய்வதையே நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். பட்டமும் பேரும் உள்ளவர்கள் ஓர் இளைஞனிடம் போய் இதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது ஊழியத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நம் சபைகளில் இந்த அனல் குறைவு யாருக்கு நேர்கிறது? வருஷக்கணக்காக ஞாயிறு பள்ளி நடத்துகிறவருக்கு, பாடகர் குழுவில் பண்டிகை தவறாமல் நிற்கிறவருக்கு, சேகரக் கமிட்டியில் இருப்பவருக்கு, ஆயருக்கு. செய்தி தயாரிக்க மட்டும் வேதத்தைத் திறக்கிற பழக்கம் வந்துவிடுகிறது. மேடையில் செய்கிற ஜெபம் நீண்டு, கதவை அடைத்துச் செய்கிற ஜெபம் சுருங்குகிறது. சாட்சி சொல்லச் சொன்னால் இருபது வருடத்துக்கு முந்திய அதே சாட்சிதான் வாயில் வருகிறது. சபைத் தேர்தல் வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவரோடு ஒரே வரிசையில் முழங்காலிட்டுத் திருவிருந்து வாங்கிக்கொண்டு, பேசாமலே வீடு திரும்புகிறோம். மனசாட்சி உறுத்துவதுகூட இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு வந்த குற்றச்சாட்டு இதுதான். உழைப்புக்கும் பொறுமைக்கும் கள்ளப் போதகரை இனங்கண்டதற்கும் பாராட்டு வாங்கிய சபை, ஆதி அன்பை விட்டிருந்தது. உழைப்பு மும்முரமாக நடந்ததாலேயே அது அவர்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

இதைத் தானாக உணர்வது எல்லாருக்கும் கூடுவதில்லை. கேட்க ஓர் ஆள் வேண்டும். சூசன்னாவின் பிள்ளைகளுக்கு அம்மா இருந்தார், வெஸ்லிக்குப் போலர் இருந்தார். பிற்பாடு 1742-இல் பிரிஸ்டலில் வெஸ்லியின் சங்கத்தார், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று பிரித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. வீடு வீடாகக் காசு வாங்கப் போனவர்கள், உள்ளே சண்டையும் சோர்வும் பின்வாங்குதலும் இருப்பதைக் கண்டார்கள். அப்படித்தான் அந்த வசூல் குழுக்கள், ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கும் வாராந்திரக் கூடுகைகளாக மாறின. மெதடிஸ்டு சபையின் முதுகெலும்பும் ஆயின. நம்மிடமும் சந்தா வாங்க வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரசீது கிழித்துக் கொடுத்த பிறகு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்பதோடு நிறுத்தாமல், உங்கள் ஜெபம் எப்படி இருக்கிறது, யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று அவர்கள் கேட்கட்டும். ஆயர் வீட்டிலும் கேட்கட்டும்.