பெட்ரூமுக்குக் கீழே ஒரு ஃபேன் தகராறு!

வீட்டையே ஓட்டிக்கிட்டு ஊர் சுத்தினா எப்படி இருக்கும்? கட்டில், கிச்சன், பாத்ரூம், ஏ.ஸி. எல்லாமே சக்கரத்து மேலே! அமெரிக்காவில் ரிட்டயரான தம்பதிகள் பலர் இப்படித்தான் மாசக்கணக்கில் சுற்றுகிறார்கள். பேர், மோட்டார்ஹோம். பெரிசு என்றால் 40 அடி நீளம். இன்ஜின் பின்னால், பெட்ரூமுக்கு நேர் கீழே. அதனால் 'டீஸல் புஷர்' என்று செல்லப் பெயர்.

வம்பே அங்கேதான். முன்பக்கம் ரேடியேட்டர் வைத்த வண்டிக்கு எதிர்காற்று ஓசியில் கிடைக்கும். இதற்கு ரேடியேட்டர் முதுகிலோ விலாவிலோ! எதிர்காற்று எட்டிக்கூடப் பார்க்காது. எல்லாம் ஃபேன் உபயம். ஃபேன் நின்றால் வீடும் நின்றது.

ரேடியேட்டர் முதுகில் இருந்தால் இன்ஜினே பெல்ட் போட்டு ஃபேனைச் சுற்றிவிடும். விலாவுக்கு பெல்ட் எட்டாது. அப்போ? ஒன்று ஹைட்ராலிக். இன்ஜின் ஒரு பம்ப்பைச் சுற்ற, பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த எண்ணெய் ஃபேனைச் சுற்றும். இல்லையா, எலெக்ட்ரிக். ஆல்டர்னேட்டரிலிருந்து ஒயர் இழு, நாலைந்து சின்ன ஃபேன் மாட்டு, தீர்ந்தது கதை.

"எலெக்ட்ரிக்தானே சார் ஈஸி?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். பெரிய வண்டியின் ஹைட்ராலிக் ஃபேன் முழு வேகத்தில் 20 குதிரைசக்தி சாப்பிடுவது சர்வசாதாரணம். ஒரு குதிரைக்கு 746 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 62 ஆம்பியர். 20 குதிரைக்கு? 1,240 ஆம்பியர்! ஆல்டர்னேட்டரோ 200, 250 ஆம்பியர் தந்தாலே பெரிய விஷயம். சம்பளம் இருநூறு, வாடகை ஆயிரத்து இருநூறு!

எலெக்ட்ரிக் கட்சியும் லேசுப்பட்டதில்லை. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால், அது தின்னும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். சமவெளியில், குளிர்ந்த காலையில் முழு வேகம் யாருக்கு வேணும்? எலெக்ட்ரிக் ஃபேன் ஜம்மென்று தூங்கும். ஹைட்ராலிக் பம்ப்போ வேலை இல்லாவிட்டாலும் எண்ணெயைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்க நகர பஸ்கள் பலவற்றில், 24 வோல்ட்டும் பெரிய ஆல்டர்னேட்டருமாக எலெக்ட்ரிக் ஃபேன்கள் ஓடுகின்றன. நாலில் ஒன்று மக்கர் பண்ணினாலும் மூன்று காப்பாற்றும்.

ஹைட்ராலிக்கில் பயமே அந்த ஹோஸ்தான். பழசாகி வெடித்தால் எண்ணெய் பீய்ச்சி, கொதிக்கிற டர்போ மேலே விழும். புகை, அப்புறம் நெருப்பு. மேலே பெட்ரூம், ஞாபகம் இருக்கட்டும்!

ஆனாலும் நான் ஹைட்ராலிக் பக்கம்தான். காரணம், மலை. கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. வண்டி முக்கி முனகி ஏறும், காற்றும் அங்கே மெலிசு. டிரைவருக்கு இயற்கை அழகா தெரியும்? டெம்பரேச்சர் முள் ஒன்றுதான் தெரியும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் 20 குதிரையும் ஒரே மூச்சில் வேணும். 12 வோல்ட் சமாச்சாரம் அங்கே கையை விரித்துவிடும்.

"எலெக்ட்ரிக்கா மாத்திடுங்க, மைலேஜ் பிச்சுக்கும்" என்று யாராவது ஆசை காட்டினால், "ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்ண்ணே?" என்று கேளுங்கள். தலையைச் சொறிந்தால், அந்தப் பணத்தில் ஹோஸ்களைப் புதுசாக மாற்றிவிடலாம். கையோடு ரேடியேட்டரையும் பாருங்கள். இன்ஜின் கக்குகிற எண்ணெய்ப் புகையும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அதன் மேல் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பாதி வண்டிகள் சூடேறுவதற்குக் காரணம் ஃபேனே இல்லை, அந்தக் கம்பளிதான். அதற்கு ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர் போதும்.