ஒயர்கள் கூடும் அறை

அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு வரைபடம் போடும்போது லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுகிறோம். நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் அறையைப் பற்றிய பேச்சு கட்டடம் எழும்பிய பிறகே வருகிறது. கடைசியில், வாளியும் துடைப்பமும் வைக்கும் மூலைதான் அதற்குக் கிடைக்கிறது. அந்தக் கட்டடம் உள்ளவரை தொல்லையும் தொடர்கிறது.

இந்த அறையில் 19 அங்குல உபகரணங்களைப் பொருத்தும் ரேக் ஒன்று நிற்கும். மேசைகளிலிருந்து வரும் கேபிள்கள் அதிலுள்ள பேட்ச் பேனலில் முடியும். அங்கிருந்து சிறிய ஒயர்கள் வழியாக நெட்வொர்க் சுவிட்சுக்கு இணைப்பு போகும். மாடிக்கு மாடி இணைப்பை ஃபைபர் கேபிள் பார்த்துக்கொள்ளும்.

அறை எங்கே அமைய வேண்டும் என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறது. செம்புக் கம்பியில் சமிக்ஞை போகப் போக வலுவிழக்கும். அதனால் சுவிட்சிலிருந்து கணினிவரை மொத்தம் 100 மீட்டர்தான் வரம்பு. அதில் நிலையாகப் பதிக்கும் கேபிளுக்கு 90 மீட்டர். இரு முனை ஒயர்களுக்கும் சேர்த்து 10 மீட்டர். இது கேபிள் போகும் வழியின் நீளம். மேசை 70 மீட்டரில் இருந்தாலும், கேபிள் சுவரேறி, கூரையோரம் ஓடி, மூலை திரும்பி இறங்குவதற்குள் 90 மீட்டர் தீர்ந்துவிடலாம். ஆகவே அறை மாடியின் நடுப்பகுதியில் இருப்பதே நல்லது. எல்லா மாடிகளிலும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக அமைந்தால் ஃபைபர் நேராக ஏறிவிடும். கேபிளுக்காகத் தளத்தில் போட்ட துளைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தீயும் புகையும் அவ்வழியே மேலேறும்.

அடுத்தது வெப்பம். சுவிட்ச் இரவு பகலாக ஓடும். அது செலவழிக்கும் மின்சாரம் வெப்பமாக மாறும். மாலையில் அலுவலக ஏ.சி.யை அணைத்த பிறகும் இந்த அறை குளிர்ந்திருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி ஏ.சி. வேண்டும். தனி மின்சுற்று, யு.பி.எஸ்., முறையான எர்த்திங் ஆகியவையும் அவசியம். தண்ணீர்க் குழாயோ கழிப்பறையோ அறைக்கு மேலே வரக் கூடாது. ரேக்கின் முன்னும் பின்னும் ஆள் நின்று வேலை செய்ய ஏறத்தாழ ஒரு மீட்டர் இடம் விட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தகவல்தொடர்பு வசதிகளுக்கெனத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. கட்டடம் கட்டப் போகிறவர்கள், வரைபடத்தில் கையெழுத்திடும் முன் பொறியாளரிடம் இந்த அறை எங்கே என்று கேளுங்கள். காகிதத்தில் ஒரு கோட்டை நகர்த்துவது எளிது. கட்டிய சுவரை நகர்த்த முடியாது.