கேபினட்டுக்குள் வண்ண விளக்குகள்: வாங்கும் முன் பின்களை எண்ணுங்கள்

கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட்டில் பல வண்ணங்களில் ஒளிரும் பேன்களைப் பார்ப்பவர்களுக்கு, நமது கம்ப்யூட்டரிலும் இவை இருந்தால் என்ன என்று தோன்றும். புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள், எந்த விளக்கு அழகாக இருக்கும் என்றுதான் என்னிடம் கேட்கின்றனர். அதற்கு முன் அறிய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மதர்போர்டு எந்த வகை விளக்கை ஏற்றுக் கொள்ளும்?

இரண்டு வகைகள்

ஆர்.ஜி.பி. என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களைக் குறிக்கிறது. ஒவ்வொன்றையும் 256 அளவுகளில் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் வண்ணங்கள் கிடைக்கின்றன.

முதல் வகை, 12 வோல்ட்டில் இயங்கும் சாதாரண ஆர்.ஜி.பி. இதற்கு 4 பின்கள். ஒன்று மின்சாரத்திற்கு, மற்ற மூன்றும் மூன்று நிறங்களுக்கு. எனவே ஒரு ஸ்ட்ரிப்பில் உள்ள விளக்குகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே நிறத்தில்தான் எரியும்.

இரண்டாவது, 5 வோல்ட்டில் இயங்கும் ஏ.ஆர்.ஜி.பி. இதற்கு 3 பின்கள்: மின்சாரம், டேட்டா, கிரவுண்ட். இதில் ஒவ்வொரு எல்.இ.டி.யையும் ஒரு சிறிய சிப் இயக்குகிறது. வரும் டேட்டாவில் தனக்கு உரியதை எடுத்துக் கொண்டு, மீதியை அடுத்த எல்.இ.டி.க்கு அனுப்பிவிடும். வானவில் ஓடுவது போன்ற காட்சி கிடைப்பது இதனால்தான்.

மாற்றிச் செருகினால்?

5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் பின்களில் இணைத்தால் அது கருகிவிடும். அண்மையில் ஓர் இளைஞர் என்னிடம் கொண்டு வந்த கம்ப்யூட்டரில் மூன்று பேன்களும் சுழன்றன. ஒன்றிலும் ஒளி இல்லை. அசெம்பிள் செய்தவர் 3 பின் கனெக்டரை 4 பின்களின் மீது அழுத்திச் செருகியிருந்தார். பேன் மோட்டாருக்கு மின்சாரம் வேறு கேபிளில் செல்வதால் அது மட்டும் தப்பித்தது.

எனவே மதர்போர்டில் பின்களுக்கு அருகே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எடுத்துக்காட்டாக எம்.எஸ்.ஐ. போர்டுகளில் ஜே-ஆர்.ஜி.பி. என்றிருந்தால் 12 வோல்ட். ஜே-ரெயின்போ என்றிருந்தால் 5 வோல்ட். செருகும் முன் எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சை ஆப் செய்துவிடவும்.

எத்தனை விளக்குகள்?

ஏ.ஆர்.ஜி.பி. எல்.இ.டி. ஒன்று முழு வெள்ளையில் ஒளிரும்போது சுமார் 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். பல மதர்போர்டுகளில் ஓர் இணைப்புக்கு 3 ஆம்பியர்தான் எல்லை. அதாவது 50 எல்.இ.டி.கள். உங்கள் போர்டின் எல்லையை மேனுவலில் பார்த்துக் கொள்ளவும். ஸ்ப்ளிட்டர் போட்டால் இந்த எல்லை கூடாது. அதிகம் தேவை எனில், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து சாட்டா கேபிள் வழியே மின்சாரம் பெறும் ஹப் ஒன்றை வாங்குங்கள்.

கட்டுப்படுத்துவது எப்படி?

ஏசுஸ் போர்டுக்கு ஆரா சிங்க், எம்.எஸ்.ஐ. போர்டுக்கு மிஸ்டிக் லைட், ஜிகாபைட் போர்டுக்கு ஆர்.ஜி.பி. பியூஷன் எனத் தனித்தனி சாப்ட்வேர்கள் உள்ளன. பல நிறுவனப் பாகங்களைக் கலந்து வாங்கினால், இலவசமாகக் கிடைக்கும் ஓபன் ஆர்.ஜி.பி. உதவலாம். விண்டோஸ் 11ல், 2023ஆம் ஆண்டு முதல் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன் பிரிவில் டைனமிக் லைட்டிங் என்ற வசதியும் உள்ளது. இதற்கு உங்கள் சாதனமும் இணக்கமாக இருக்க வேண்டும். எதுவானாலும் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு சாப்ட்வேர்கள் ஒரே விளக்கை இயக்க முயன்றால் நிறங்கள் தாறுமாறாக மாறும்.

ஷட்டவுன் செய்த பின்னும் சில போர்டுகளில் விளக்குகள் எரிந்து கொண்டிருக்கும். பயாஸில் இ.ஆர்.பி. என்ற அமைப்பு இருந்தால் அதை எனேபிள் செய்து பாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும்.

விளக்குகளால் கம்ப்யூட்டரின் வேகம் கூடப் போவதில்லை. பட்ஜெட் இடித்தால் முதலில் ராமும் எஸ்.எஸ்.டி.யும் வாங்குங்கள். மதர்போர்டில் சரியான பின்கள் இருந்தால், விளக்குகளைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக் கொள்ளலாம்.