பேரனுக்குப் போட்ட ஊசி, பாட்டியைக் காத்த கதை

ஃப்ளூ காய்ச்சலில் அதிகம் சாகிறவர்கள் முதியவர்கள். அப்படியிருக்க, ஜப்பான் பள்ளிப் பிள்ளைகளைத் தேடித் தேடி ஊசி போட்டது.

1957-இல் உலகைச் சுற்றி வந்த ‘ஆசிய ஃப்ளூ’வுக்குப் பிறகு எடுத்த முடிவு அது. நோய் வகுப்பறையில் பரவி, பிள்ளைகளோடு வீட்டுக்குள் நுழைகிறது. வகுப்பறையிலேயே அதை மறித்துவிட வேண்டும் என்று அரசு நினைத்தது. 1962-இல் தொடங்கிய திட்டம் 1977-இல் கட்டாயமானது. ஆனால் ஊசியால் பலன் உண்டா, பக்கவிளைவு வருமா என்ற சந்தேகங்கள் வலுத்தன. 1987-இல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்குக் கிடைத்தது. 1994-இல் திட்டமே நின்றது.

பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள். ஆய்வாளர் தாமஸ் ரெய்கர்ட் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தத் திட்டம் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 பேர் வரை சாகாமல் தடுத்திருக்கிறது. சுமார் 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஓர் உயிர் மிச்சம். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகள். அந்நாளில் அவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. ஊசி நிறுத்தப்பட்டதும் குளிர்கால மரணங்கள் மறுபடி ஏறின.

வேறு காரணங்களும் இருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கனடாவிலிருந்து வந்தது. அங்குள்ள ஹட்டரைட் கிறிஸ்தவர்கள் தனித்தனிப் பண்ணைக் குடியிருப்புகளில் கூட்டாக வாழ்கிறவர்கள். ஊருக்கே ஒரு சமையற்கட்டு, ஒரே சாப்பாட்டுக் கூடம், பள்ளியும் உள்ளேயே. ஒருவர் தும்மினால் ஊரே தும்மும். 2008-09 குளிர்காலத்தில் மருத்துவர் மார்க் லோப் குழு 49 குடியிருப்புகளைத் தேர்ந்து, சிலவற்றில் 3 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசியும் மற்றவற்றில் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் போட்டது. எங்கே எந்த ஊசி என்பது யாருக்கும் சொல்லப்படவில்லை. ஊசியே போடாத மற்றவர்களிடம் வித்தியாசம் தெரிந்தது: பிள்ளைகள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட இடங்களில் 3.1 சதவீதம் பேருக்குத்தான் ஃப்ளூ வந்தது. மற்ற இடங்களில் 7.6 சதவீதம்.

பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பெரியவர்களைவிட அதிக நாட்கள் அவர்கள் உடலிலிருந்து கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். காய்ச்சல் தெரிவதற்கு முந்தைய நாளே தொற்றத் தொடங்கிவிடும். முதியவர்களின் உடலோ, ஊசி போட்டாலும் இளையவர்கள் அளவுக்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதில்லை. அவர்களுக்கும் ஊசி வேண்டும். பக்கத்தில் படுத்து உறங்கும் பேரனுக்கும் வேண்டும்.

கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இது. ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து போடலாம். சின்னக் குழந்தைகளுக்கு முதல் முறை மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. ஃப்ளூ கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய் வர வாய்ப்புண்டு. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டும், பரீட்சை நாளாக இருந்தாலும்.