சிறைவாசலுக்கு வெளியே முதல் பதினைந்து நாள்

ஒரு நண்பருடைய ஜாமீன் காரியமாகப் புழல் மத்தியச் சிறையின் வாசலில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் காத்து நிற்க நேர்ந்தபோது, கையில் மஞ்சள் பையும் காலில் தேய்ந்த ரப்பர் செருப்புமாக வெளியே வந்த ஒருவர், நேராக என்னிடம் வந்து, "சார், ஒரு போன் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார். வயது நாற்பது இருக்கலாம். மனைவியின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று இயந்திரக் குரல் சொல்லிற்று. இரண்டாம் முறையும் அதே பதில். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் கேளாமலே, "குடிதான் சார் காரணம். போதையில ஒருத்தனை அடிச்சிட்டேன். பத்து மாசம் உள்ள. ஒரு சொட்டு தொடலை. விட்டாச்சு" என்றார். பிறகு, செங்குன்றம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த "விட்டாச்சு" என்ற சொல் பல நாள் என் நினைவைவிட்டு அகலவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு, விரத நாட்கள் முழுவதும் குடியைக் கனவிலும் நினையாதிருந்தவர், மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றிரவே பழைய கடையின் வாசலில் நிற்பதை நம் தெருக்களில் பார்க்காதவர் யார்? அந்த விரதத்துக்காவது, மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டது என்ற பெருமை உண்டு. சிறையில் நேர்வதோ வெறும் கிடைக்காமை. கிடைக்காமையைக் குணமென்று அந்த மனிதரும், அவருடைய பந்துக்களும், சிறையதிகாரிகளும் ஒருங்கே நம்பிவிடுவதுதான், விடுதலைக்குப் பின் நேரும் பல அனர்த்தங்களுக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குத் தேகசாஸ்திர ரீதியான காரணம் ஒன்று உண்டு. நாள்தோறும் போதைப் பொருளை உட்கொள்ளும் உடல், அதைத் தாங்கும் சக்தியைச் சிறிது சிறிதாக வளர்த்துக்கொள்கிறது. புதியவனை மயக்கிப் போடும் அளவு, பழகியவனுக்குக் கை நடுக்கத்தை நிறுத்துவதற்கு மட்டுமே போதுமானதாகிவிடுகிறது. சில மாத காலம் அப்பொருள் உள்ளே போகாதிருந்தால் அந்தத் தாங்குசக்தி தேய்ந்து போகிறது. ஆசை மட்டும் தேய்வதில்லை. வெளியே வந்தவர் பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுத்துக்கொள்கிறார். உடலோ புதியவனுடைய உடலாக இருக்கிறது. ஹெராயினையும், வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தையும் பொறுத்தவரை இது பிராணாபாயம். மூச்சு மந்தமாகி நின்றே போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000 பேருக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் எக்காரணத்தாலேனும் இறக்கும் அபாயம் ஏனைய பொதுமக்களைப்போல் ஏறக்குறைய 13 மடங்கு என்றும், போதை மருந்து மிகுதியால் இறக்கும் அபாயம் 129 மடங்கு என்றும் கண்டது. அந்நாட்டு நிலைமை வேறு, நம் நாட்டு நிலைமை வேறு. ஆனால் நுரையீரலுக்குத் தேசபேதம் கிடையாது.

ஆகவே, அப்படி ஒருவர் குறட்டை விடுவதுபோல் மூச்சிழுத்து, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால், "போதை தெளியட்டும், தூங்கட்டும்" என்று விட்டுவிடலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழைக்க வேண்டும். போலீஸ் வருமோ என்ற பயத்தில் இழக்கும் நிமிஷங்களே அதிகமான உயிர்களை இழக்கச் செய்கின்றன.

மதுவின் விஷயத்தில் அபாயம் இரு முனையிலும் இருக்கிறது. தினந்தோறும் குடித்துக்கொண்டிருந்தவர் ரிமாண்டில் உள்ளே போன முதல் நாலைந்து நாட்களில் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களுக்குள் தோன்றும் சித்தப்பிரமையும், அதாவது இல்லாத பூச்சிகளைத் தட்டுவதும், இல்லாதவர்களோடு பேசுவதும் வரலாம். சிகிச்சையில்லாவிட்டால் மரணமும் சம்பவிக்கலாம். இதை நாடகம் என்று எண்ணி அதட்டியவர்களை நான் அறிவேன். மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தும்போதே, "என் கணவர் தினமும் குடிப்பவர், நிறுத்தினால் வலிப்பு வரும்" என்று மனைவியோ வக்கீலோ ஒரு வாக்கியம் சொல்லி வைத்தால், சிறை மருத்துவர் முதல் நாளே கவனிப்பதற்கு அது ஆதாரமாகும்.

சட்டம் இவர்களைக் கைவிட்டுவிடவில்லை என்பதை நம்மில் பலர் அறியார். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள்களின் துஷ்பிரயோகத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே குடிநோயாளிக்கு அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை என்பது தர்மமன்று, உரிமை. தம்முடைய மருத்துவக் குறிப்புகளைப் பெற்றுக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் அளிக்கிறது. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் 39-வது பிரிவு, போதை உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளியென்று தீர்ப்பான அடிமையை, உடனே சிறைக்கு அனுப்பாமல், அவருடைய சம்மதத்தோடு அரசாங்கம் நடத்தும் அல்லது அங்கீகரித்த சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பி வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கஞ்சாவில் சிறு அளவு என்பது 1 கிலோ வரை. ஹெராயினில் 5 கிராம். 64-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய வழக்கில் சிக்கியவர் தாமாகவே முன்வந்து அங்கீகாரமுள்ள இடத்தில் சிகிச்சையை முழுவதும் செய்துகொண்டால், அவர் மீது வழக்கே நடத்தலாகாது என்கிறது. பாதியில் ஓடிவந்தால் அச்சலுகை பறிபோகும். இப்பிரிவுகளை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டுமே என்றால், காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இனி விடுதலை நாளுக்கு வருவோம். தண்டனைக் கைதிக்கு அந்த நாள் முன்கூட்டியே தெரியும். மனு போட்டுப் பார்க்கப் போகும்போதே வீட்டார் பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் நாட்டுச் சிறைகளில் உள்ளவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு ஜாமீன் உத்தரவு ஒரு நாள் திடீரென்று வருகிறது; மறுநாள் அல்லது அன்று மாலையே கதவு திறக்கிறது. மறுவாழ்வுக்காக ஏற்பட்ட திட்டங்களும், சுயதொழிலுக்கு உதவும் சங்கங்களும் பெரும்பாலும் தண்டனை முடிந்தவரை நினைத்தே அமைந்திருப்பதால், ஜாமீனில் வருபவர் எவர் கணக்கிலும் சேராமல் தெருவில் நிற்கிறார். 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், போதைச் சார்புக்கான சிகிச்சை சிறைக்கு வெளியேயும் தொடர்ச்சி அறாமல் நடக்க வேண்டுமென்றும், விடுதலையாகிறவர் அடையாளப் பத்திரங்களோடும், தங்குமிடத்தோடும், ஊர் போய்ச் சேரும் செலவோடும் அனுப்பப்பட வேண்டுமென்றும் கூறுகின்றன. விதி அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், ஆதார் அட்டை எந்தப் போலீஸ் நிலையத்துப் பீரோவில் கிடக்கிறதென்றே தெரியாதவர்களும், காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டு வெளியே வந்தவர்களும் ஏராளம். சிறை மருத்துவர் கொடுத்த மருந்துகளின் பெயரெழுதிய ஒரு சீட்டு, ஒரு வாரத்துக்கான மாத்திரை, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்ற ஒரு வரி: இம்மூன்றையும் சிறை நல அலுவலரிடம் குடும்பத்தார் மனு நாளிலேயே கேட்டு வைத்தால், பாதி வேலை முடிந்துவிடும்.

ஜாமீனோடு வரும் ஒரு நிபந்தனையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவாகியிருக்கும். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டிய கொத்தனாரோ, பட்டறைத் தொழிலாளியோ இதை எப்படி அனுசரிப்பது? உள்நோயாளியாக முப்பது நாள் படுத்துச் சிகிச்சை பெறுவதுதான் எப்படி? கையெழுத்துக்குப் போகாமல் விட்டதால் ஜாமீன் ரத்தாகி, சிகிச்சையும் நின்று, மீண்டும் உள்ளே போனவர்கள் உண்டு. பரிகாரம் எளிது: சிகிச்சை நிலையத்தின் சேர்க்கைச் சான்றை இணைத்து, ஜாமீன் வழங்கிய நீதிமன்றத்திலேயே நிபந்தனையைத் தளர்த்த மனுச் செய்யலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலே எத்தனையோ பேர் வேலையை இழக்கிறார்கள்.

வீட்டில் செய்யும் தவறுகள் அன்பினால் செய்யப்படுபவை. அதனாலேயே திருத்துவது கடினம். குடித்தால் குமட்டலும் படபடப்பும் உண்டாக்கும் மாத்திரையை யாரோ சொன்னார்களென்று வாங்கி, கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மனைவிமார் பலர். அதை உண்டவர் அறியாமல் குடித்தால் முகம் சிவந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். டாக்டரின் மேற்பார்வையில், உண்பவர் அறிந்து சம்மதித்து உண்ண வேண்டிய மருந்து அது. இன்னும் சிலர், "அடித்துத் திருத்துகிறோம்" என்று விளம்பரம் செய்யாத குறையாக நடக்கும் தனியார் நிலையங்களில், வேனோடு ஆள் அனுப்பித் தூக்கிச் சென்று அடைத்துவிடுகிறார்கள். ஒரு சிறையிலிருந்து வந்தவரைப் பெயர்ப்பலகையில்லாத இன்னொரு சிறைக்கு அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எந்த நிலையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எக்காரணத்தாலும் கூடாதென்று சட்டம் தடுக்கிறது. சம்மதமின்றிச் சேர்ப்பதற்கு நிபுணர் இருவரின் பரிசோதனை முதலிய நிபந்தனைகள் உண்டு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்; காட்ட மறுக்கும் இடத்திலிருந்து திரும்பிவிடுங்கள்.

நல்ல சிகிச்சை நம்மிடையே இல்லாமலில்லை. 1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், குடும்பத்தாரையும் சேர்த்தே நோயாளியாகக் கருதும் முறையை இங்கே நிலைநாட்டியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் கட்டணமின்றி மருந்து கிடைக்கிறது. ஆனால் 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவர்தான் எவ்விதச் சிகிச்சையேனும் பெற்றதாகச் சொல்கிறது. மற்ற 37 பேரும் வெட்கத்தினாலோ, "நாளைக்கு விட்டுவிடுவேன்" என்ற நம்பிக்கையினாலோ தடுக்கப்பட்டவர்கள். ஒரு தடவை வழுக்கி விழுந்துவிட்டால், "இவன் திருந்தமாட்டான்" என்று கதவைச் சாத்திவிடாமல், மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வீடுகளில் மீண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளி ஒரு நாள் லட்டுத் தின்றுவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவோமா?

யோசனை கேட்க 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் எந்த எண்ணும் செய்யமுடியாத ஒரு காரியம் உண்டு. விடுதலையாகும் நாளன்று யாராவது ஒருவர், மனைவியோ, அண்ணனோ, பழைய முதலாளியோ, சிறைவாசலில் நின்று அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேறு எங்கும் நிற்காமல் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். உத்தரவு வந்து சேர்ந்து கதவு திறப்பதற்கு மாலையாகிவிடுவது வழக்கம். டாஸ்மாக் கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். அழைக்கப் போகிறவர்கள் பொழுது சாய்வதற்கு முன்பே போய் நில்லுங்கள்.